வற்றக் காய்ச்சிய தண்ணீர்

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரையில் கோழிகூட வாயைத் திறந்துகொண்டுதான் நிற்கும். அந்த வெக்கையில் விறகடுப்பின் முன்னால் பொழுதுக்கும் குந்தியிருக்க யாருக்கும் மனம் வராது. றஞ்சிதா குந்தியிருந்தாள். முகத்தில் வழிந்த வேர்வையைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு, விறகைத் தள்ளித் தள்ளி வைத்தாள்.

அடுப்பில் சோறும் இல்லை, ஆணமும் இல்லை. பெரிய அலுமினியப் பானையில் வெறும் தண்ணீர். காலையில் பானையின் கழுத்துவரை இருந்தது, இப்போது பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. இன்னும் இறங்கவேண்டும். நாலில் ஒன்றாக வற்றும்வரை அவள் எழும்பமாட்டாள். பிறகு இறக்கி, வெள்ளைத் துணியில் வடித்து, இளஞ்சூட்டோடு பிளாஸ்கில் ஊற்றி, குசினி மேசையில் தனியாக வைப்பாள். அந்தப் பிளாஸ்க்கை மகள் மேனுகாகூடத் தொடக்கூடாது. அது அவள் புருஷன் விஜிதரனுக்கு மட்டும்.

விஜிதரன் மேசன். பழுகாமம் பக்கத்தில் அவன் கை படாத கல்வீடு குறைவு. ஒரு வருடத்துக்கு முன்னால் சாரத்தில் ஏறி நிற்கும்போது தலை சுற்றிக் கீழே உட்கார்ந்தவன்தான், பிறகு சாந்துக் கரண்டி பிடிக்கவில்லை. இரண்டு சிறுநீரகமும் பழுது என்றார்கள். இப்போது முன் விறாந்தையில் ஒரு நைலோன் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு, தெருவில் போகிறவர்களைப் பார்த்தபடி இருப்பான். வேலை செய்து பழகிய ஆளைச் சும்மா உட்காரவைத்தால் ஆள் பாதியாகிவிடும். இவன் பாதியாகியிருந்தான்.

எங்கள் பக்கத்து நடைமுறை தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். இங்கே வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடித்தவன் நாலு சாரனும் நாலு சேட்டும் எடுத்துக்கொண்டு பெண்சாதி வீட்டுக்கு வந்துவிடுவான். ஆம்பிளைக்கு என்று சொந்த வீடு கிடையாது. பெண்சாதி வீடு, அதை விட்டால் கூடப்பிறந்தவளின் வீடு. ஆகவே அவன் சாகும்வரை குடிக்கப்போவது பெண்சாதி வளவுக் கிணற்றுத் தண்ணீரைத்தான்.

றஞ்சிதாவின் அப்பா சாமித்தம்பி வீட்டுக்கு அத்திவாரம் போடுவதற்கு முன்னால் கிணற்றை வெட்டினார். வாவியிலிருந்து கூப்பிடு தூரத்தில் களிமண் நிலம். உவர் தண்ணீர்தான் வரும் என்று ஊரெல்லாம் சொன்னது. அவர் கேட்கவில்லை. ஊற்றுக் கண்டதும் முதல் வாளியைத் தானே மொண்டு குடித்துவிட்டு, "இளனி மாதிரி இரிக்கு" என்றாராம். வெட்டினவரே அப்படிச் சொன்னபிறகு வேறு யார் வாய் திறக்கமுடியும்? மழைக்காலத்தில் அது உண்மையும்தான். கோடையில்தான் கிணறு தன் குணத்தைக் காட்டும். பருப்பு எவ்வளவு அவிந்தாலும் மசியாது. சவுக்காரம் தேய்த்தால் நுரை வராமல் தயிர் திரைந்தது போல வெள்ளை வெள்ளையாக மிதக்கும். தலை முழுகினால் மயிர் தும்பாகிவிடும். கேத்தலின் உள்ளே சுண்ணாம்பு பூசியது போலப் படிந்திருப்பதைக் கரண்டியால் சுரண்டித்தான் எடுக்கவேண்டும். இத்தனையும் இருக்க, "கனமான தண்ணி, குடிச்சா வயித்துல நிக்கும்" என்று பெருமை பேசுவார்கள். சொந்தப் பிள்ளையைக் குறை சொன்னாலும் பொறுப்பார்கள், சொந்தக் கிணற்றைக் குறை சொன்னால் பொறுக்கமாட்டார்கள்.

வந்த புதிதில் விஜிதரன் கிணற்றுக்குக் கட்டுக் கட்டினான். பிறகு குசினியைக் கட்டினான். மாமனார் பக்கத்தில் நின்ற மரியாதைக்காக இந்தத் தண்ணீரிலேயே சீமெந்து குழைத்தான். இரண்டு மாரி கழிவதற்குள் குசினிச் சுவரின் அடிப்பக்கம் வெள்ளையாகப் பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரத் தொடங்கியது. அதற்குப்பிறகு அயலில் கொங்கிறீட் வேலை என்றால் இந்தத் தண்ணீரைத் தொடமாட்டான். குளத்துத் தண்ணீரைப் பீப்பாவில் ஏற்றிவரச் சொல்லுவான். அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து, இதே தண்ணீரைச் செம்போடு அண்ணாந்து குடிப்பான். மேசனுக்குச் சுவரில் இருக்கிற கவனம் சொந்த வயிற்றில் இருப்பதில்லை.

இந்தச் சிறுநீரக வருத்தத்துக்குக் காரணம் தண்ணீர்தான் என்று எந்த டொக்டரும் சொல்லவில்லை. தண்ணீராக இருக்கலாம், வெயிலாக இருக்கலாம், பிறஷராக இருக்கலாம், உடம்பு நோவுக்கு அவன் கடையில் வாங்கி விழுங்கிய குளிசையாகவும் இருக்கலாம் என்றார்கள். உப்பைக் குறை, வாழைப்பழமும் இளநீரும் கூடாது, தண்ணீரை அளந்து குடி, குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி என்றார்கள். றஞ்சிதா ஒவ்வொன்றையும் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கடைசிச் சொல்லில்தான் அவள் மனம் நின்றது. நாளுக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று அளந்துவிட்டார்கள். அப்படியானால் அந்தக் கொஞ்சம் எவ்வளவு சுத்தமானதாக, எவ்வளவு சத்தானதாக இருக்கவேண்டும்? அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. காய்ச்சல் என்றாலும் தடிமன் என்றாலும் அவளுடைய அம்மா மல்லியும் வேரும் போட்டு அவிப்பாள். நாலுக்கு ஒண்டாய் வத்தோணும், அதுக்கு முன்னம் இறக்கினா அது கசாயம் இல்ல, கழுவின தண்ணி என்பாள். றஞ்சிதா அந்தக் கணக்கைத் தண்ணீருக்குப் போட்டாள். கொதிக்கக் கொதிக்கப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்க்கும்போது அவளுக்கு உள்ளம் குளிர்ந்தது. அழுக்கெல்லாம் கீழே போய்விட்டது, மிச்சம் உள்ளது மருந்து. அவளைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாய் வரவில்லை. படித்தவர்கள் பலரும் இதைவிடக் குறைந்த நியாயத்தில் காரியம் பார்க்கிறார்கள்.

விஜிதரனின் மூத்த அக்கா வசந்தாதேவி தேற்றாத்தீவில் இருக்கிறாள். கடலோர மணல் ஊர், அள்ளிக் குடித்தால் இனிக்கிற தண்ணீர். வாயும் பெரிசு, மனமும் பெரிசு அவளுக்கு. அந்தச் சனிக்கிழமை வெயில் ஏறுமுன் அவளுடைய ஓட்டோ வாசல் கடப்படியில் வந்து நின்றது. மடியில் ஒன்று, காலடியில் ஒன்று என்று இரண்டு பிளாஸ்டிக் கான்களோடு இறங்கினாள்.

"றஞ்சி, இஞ்ச வா புள்ள. இதப் புடி. ஊத்துப்படாமப் புடி."

"என்ன மச்சாள் இது?"

"தண்ணி. என்ட கிணத்துத் தண்ணி. தம்பிக்கு இதக் குடு. சோத்தையும் இதுலயே ஆக்கு."

"ஏன், இஞ்ச தண்ணியில்லாமலா கிடக்கு?"

"இரிக்கு. இரிக்கிறதாலதான் கொண்டாந்தனான்."

றஞ்சிதாவின் முகம் கறுத்தது. கான்களை வாங்கிக் குசினி மூலையில் வைத்துவிட்டு, தேத்தண்ணீர் போடப் போனாள்.

வசந்தாதேவி தம்பியின் காலடியில் குந்தி, கணுக்காலைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தாள். அமத்திய இடம் குழியாகவே நின்றது.

"கால் என்னடா இப்பிடி ஊதிக் கிடக்கு? போன முற வரக்குள்ள இப்பிடி இல்லையே."

"வெயில் அக்கா."

"வெயிலுக்குக் காலா ஊதும்? நாக்க நீட்டு பாப்பம். காஞ்சு கிடக்கே மனே. தண்ணி குடிக்கிறயில்லையா?"

"அளந்துதான் குடிக்கோணும். ஆனா தாகந்தான் அக்கா தாங்க ஏலாமக் கிடக்கு. குடிச்ச உடன மறுகா தாகம். படுத்தாலும் தாகம். அவள் கிணத்துல வாளிய விடுற சத்தம் கேட்டாலே தொண்டை இழுக்குது."

றஞ்சிதா தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். வசந்தாதேவி கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மேலே மெல்லிய ஆடை ஒன்று படிந்து, ஆட்டினால் வெடித்தது. அவள் குடிக்கவில்லை. கிளாஸை நிலத்தில் வைத்துவிட்டாள். எங்கள் ஊரில் வந்த வீட்டில் தந்த தேத்தண்ணீரைக் குடிக்காமல் வைப்பது கன்னத்தில் அறைவதற்குச் சமம்.

"என்ன மச்சாள், எங்கட தேத்தண்ணி தொண்டைக்குள்ள இறங்காதா?"

"கோவிக்காத புள்ள. நான் ஒளிச்சு மறைச்சுப் பேசத் தெரியாதவள். உங்கட தண்ணி சரியில்ல."

"எங்கட அப்பா வெட்டின கிணறு அது. அவர் கண்ண மூடுமட்டும் இதத்தான் குடிச்சவர். அவருக்கு ஒண்டும் வரல்ல. எனக்கு வரல்ல, மேனுகாக்கு வரல்ல."

"வரல்ல எண்டு சாமியக் கும்பிடு. வந்தவனப் பாரு."

"அப்ப என்ட வளவுத் தண்ணிதான் உங்கட தம்பிய இப்பிடி ஆக்கின எண்டு சொல்றீங்க."

"நான் சொல்லல்ல. அந்தா, உன்ட குசினிச் சுவர் சொல்லுது. இவன் எத்தின பேருக்கு வீடு கட்டிக் குடுத்தவன்? ஒருத்தர்ர வீட்டுக்காவது இந்தத் தண்ணியில கொங்கிறீட் போட்டானா, கேள். சுவத்துக்கு ஆகாத தண்ணி என்ட தம்பிக்கு ஆகுமா?"

றஞ்சிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அழுகையைக் காட்டக்கூடாது என்று குரலை உயர்த்தினாள்.

"நான் சும்மா அள்ளியா குடுக்கிறன்? விடிஞ்சதுல இருந்து அடுப்படியில கிடந்து வேகிறன். மருந்து மாதிரிக் காய்ச்சிக் குடுக்கிறன். உங்கட தண்ணியப் பச்சையாக் கானுக்குள்ள அடைச்சுக் கொண்டாந்திருக்கிறீங்க. கான்ல தேங்காயெண்ண மணக்குது. கிணத்துக்குப் பக்கத்துலதானே உங்கட கக்கூசு. அதக் குடிச்சா மட்டும் சுகம் வருமா?"

"தம்பி, நீ சொல்லுடா." வசந்தாதேவி அவன் பக்கம் திரும்பினாள். "என்னோட வா. கொஞ்ச நாளைக்கு அங்க இரு. ஆசுபத்திரியும் கிட்ட. நான் பார்த்துக்கொள்றன்."

விஜிதரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நான் வரல்ல அக்கா. பொஞ்சாதி வீட்ட விட்டுட்டு அக்கா வீட்டுல போய்க் கிடந்தா ஊர் என்ன சொல்லும்? றஞ்சிய விட்டுட்டுப் போயிட்டான் எண்டுதான் சொல்லும்."

"ஊரா வந்து உனக்கு மூத்திரம் போக வைக்கப்போகுது?"

"எனக்கு அவள் தாற தண்ணி போதும். அதுல ஒரு குறையும் இல்ல. நல்லா இரிக்கு."

வசந்தாதேவி எழும்பிச் சேலையை உதறினாள். போகும்போது, "கான் ரெண்டும் இரிக்கட்டும். அடுத்த கிழம வரக்குள்ள வேற ரெண்டு நிறைச்சுக் கொண்டாறன்" என்றாள். கோபத்தில் வந்த சொல் இல்லை அது. வழியெல்லாம் அவள் அழுதுகொண்டே போனதாக ஓட்டோக்காரன் பிறகு சொன்னான்.

'அவள் தாற தண்ணி போதும்.' அந்த ஒரு சொல்லை றஞ்சிதா நாள்முழுக்க மனதுக்குள் வைத்து நக்கிக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வற்றவைத்தாள்.

மச்சாளின் தண்ணீரை என்ன செய்வது? அதில் சோறாக்கினால் அப்பாவின் கிணற்றைக் குற்றவாளி என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். கொட்டவும் மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்து உடுப்புத் தோய்த்தாள். மேனுகாவின் பள்ளிக்கூடச் சட்டையில் சவுக்காரத்தை ஒருமுறைதான் இழுத்தாள், நுரை பொங்கிக்கொண்டு வந்தது. கைநிறைய, தோய்க்கிற கல்லில் வழிய வழிய நுரை. பிறந்த நாள் முதல் அவள் தன் வளவில் கோடையில் இப்படி நுரையைக் கண்டதில்லை. அதைப் பார்க்க அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. உடுப்பைக் கல்லில் ஓங்கி ஓங்கி அடித்தாள். விறாந்தையிலிருந்து விஜிதரன் அந்த நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வசந்தாதேவி சொன்ன சொல் தவறாமல் கிழமைக்குக் கிழமை கான்களை நிறைத்துக் கொண்டுவந்தாள். அதுவும் தோய்ச்சலுக்கே போனது.

ஆவணி பிறந்தும் மழையில்லை. கிணற்றில் தண்ணீர் இறங்கி, வாளி சேற்றில் முட்டியது. தெருவெல்லாம் குழாய் நட்டு, வாசலுக்கு வாசல் மீற்றரும் பூட்டிவிட்டுப் போனவர்கள் தண்ணீரை மட்டும் இன்னும் விடவில்லை. தண்ணீர்ப் பவுசர் வண்டி நினைத்தால் சந்திக்கு வரும், நினைத்தால் வராது. விஜிதரனின் முகமும் ஊதத் தொடங்கியது. படுத்தால் மூச்சு இழுத்தது. கிளினிக்கில் டொக்டர் இரத்த அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கோபித்தார்.

"உப்பக் குறைக்கச் சொல்லி எத்தின தரம் சொல்லுறது? நீங்க கேக்கிறயில்லை."

"உப்பே போடுறயில்ல டொக்டர்," றஞ்சிதா கையெடுத்துக் கும்பிட்டாள். "மீன் ஆணத்துக்குக்கூடப் போடுறயில்ல. கருவாட்ட வீட்டுக்குள்ள எடுக்கிறயில்ல. என்ட புள்ள மேல ஆணையாச் சொல்றன்."

டொக்டர் நம்பவில்லை. வருகிற ஆட்கள் எல்லாரும் இதையேதான் சொல்லுவார்கள் என்பது போலத் தலையை ஆட்டினார். இப்படியே போனால் மெசினில் போட்டு இரத்தம் சுத்தம் செய்யவேண்டிவரும் என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் றஞ்சிதா புருஷனை உற்றுப் பார்த்தாள். தனக்குத் தெரியாமல் எங்கேயாவது வாங்கித் தின்கிறானோ? அந்தச் சந்தேகத்தையும் அந்த மனிசன் தாங்கவேண்டியிருந்தது.

இரண்டு கிழமை கழித்து, கிளினிக்குக்கு வருகிற ஆட்களின் வீட்டுத் தண்ணீரைப் பரிசோதிக்கிறோம் என்று ஒரு பெண் வந்தாள். பெயர் றெபேக்கா. மட்டக்களப்பு டவுண்காரி. தோளில் ஒரு பெட்டி, தலையில் தொப்பி, மூக்கெல்லாம் வெயிலில் சிவந்திருந்தது. கிணற்றில் வாளி போட்டு மொண்டு, சின்னக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, சொட்டுச் சொட்டாக ஒரு மருந்தை விட்டாள். சிவப்பாக இருந்தது நீலமாக மாற வெகுநேரம் எடுத்தது. பிறகு பேனை போன்ற ஒரு கருவியைத் தண்ணீரில் தோய்த்து, அதில் வந்த எண்ணைப் பார்த்தாள்.

"கடினம் கூடத்தான் அக்கா. உப்பும் இரிக்கு. இந்த வரியில எல்லாக் கிணறும் இப்பிடித்தான்."

"அது நாங்க குடிக்கிறது மிஸ். அவருக்கு வேற." றஞ்சிதாவின் குரலில் பெருமை வழிந்தது. பிளாஸ்க்கைக் கொண்டுவந்து ஒரு கோப்பையில் ஊற்றினாள். "இதப் பாருங்க."

றெபேக்கா கருவியைத் தோய்த்தாள். எண்ணைப் பார்த்துவிட்டு, கருவியைத் துடைத்து மறுபடியும் தோய்த்தாள்.

"இது எந்தக் கிணத்துத் தண்ணி?"

"இதே கிணறுதான் மிஸ். காய்ச்சினது."

"எவ்வளவு நேரம் காய்ச்சுவீங்க?"

"நேரக் கணக்கில்ல. நாலுக்கு ஒண்டாய் வத்துமட்டும்."

றெபேக்கா கருவியைப் பெட்டியில் வைத்து மூடினாள். கொஞ்சநேரம் பெட்டியின் கொளுக்கியைப் பூட்டுவதும் திறப்பதுமாக இருந்தாள்.

"அக்கா, கொதிக்க வைக்கிறது கிருமி சாகத்தான். அதுக்கு ஒரு கொதி போதும். வத்த வைக்கக் கூடாது. வத்துறது தண்ணி மட்டுந்தான். உப்பு ஆவியாப் போகாது. நாலு குடத்து உப்ப ஒரு குடத்துக்குள்ள விட்ட மாதிரி."

"அடியில வெள்ளையாப் படியுதே மிஸ். அழுக்கெல்லாம் அதுல போயிரும்தானே?"

"அது சுண்ணாம்பு. அது கொஞ்சம் போகும். மத்த உப்பெல்லாம் தண்ணியோடதான் நிக்கும். எவ்வளவு காலமா இதக் குடுக்கிறீங்க?"

"வருத்தம் எண்டு சொன்ன நாள்ல இருந்து."

காற்று கிணற்றடி வாழையைப் போட்டு அடித்தது. றஞ்சிதா கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதாலயா மிஸ் அவருக்கு வந்த?"

"வருத்தம் எதால வந்ததெண்டு எனக்குச் சொல்லத் தெரியா அக்கா. ஒருத்தரும் நிச்சயமாச் சொல்லமாட்டாங்க."

"கால் ஊதுறது? தாகம்?"

றெபேக்காவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, "இண்டையில இருந்து இதக் குடுக்காதீங்க. நல்ல தண்ணி உள்ள இடத்தில கொஞ்ச காலம் வெச்சிருக்க ஏலுமெண்டா நல்லம். சொந்தக்காரர் ஆரும் இரிக்காங்களா?" என்றாள்.

"இரிக்காங்க," என்றாள் றஞ்சிதா.

அந்தப் பிள்ளை போனபிறகு கோப்பையைக் கையில் எடுத்தாள். ஒரு வாய் குடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இத்தனை காலம் அவள் அதை ஒரு சொட்டும் வாயில் விட்டதில்லை. அது அவருடைய மருந்து, அளந்து வைத்தது, அதில் வாய் வைப்பது அவர் பங்கைக் களவெடுப்பது போல. இப்போது குடித்துப் பார்க்கும் துணிவு வரவில்லை. கோப்பையைக் கவிழ்த்து ஊற்றினாள். பிளாஸ்க்கை அப்படியே மூடி மேசையில் வைத்தாள்.

பின்னேரம் புருஷனின் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தாள். அவன் எல்லாவற்றையும் விறாந்தையிலிருந்தே கேட்டிருந்தான்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"என்னது?"

"அது கரிக்கிறது."

அவன் வாசல் பக்கம் பார்த்தான். "ஓம்" என்றான்.

"ஒரு நாளாவது சொன்னீங்களா? ஏன் சொல்லல்ல? நல்லா இரிக்கு நல்லா இரிக்கு எண்டுதானே ஒவ்வொரு நாளும் சொன்னீங்க?"

"நானும் மருந்தெண்டுதான் நினைச்சன் புள்ள. மருந்தெண்டா அப்பிடித்தானே இரிக்கும். மறுகா, நீ அந்த வெக்கைக்குள்ள கிடந்து அவியிறதப் பார்த்துட்டு எப்பிடிச் சொல்லுறது?"

"மச்சாளுர தண்ணியில நான் உடுப்புத் தோய்ச்சன். பார்த்துக்கொண்டுதானே இருந்தீங்க."

"பார்த்தன்."

"ஒரு கிளாஸ் கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ உடைஞ்சு போவாய்," என்றான் விஜிதரன். "சீமெந்துக்கு இந்தத் தண்ணி வேணாமெண்டு ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிஞ்சது. உனக்குச் சொல்லத் தெரியல்ல."

றஞ்சிதா தலையை அவன் முழங்காலில் முட்டிக்கொண்டு அழுதாள். அவன் ஊதிப்போன விரல்களால் அவள் தலையைத் தடவினான். தும்பாகிப் போன அந்தத் தலைமயிரில் விரல் ஓடவில்லை, சிக்கிக்கொண்டது.

அன்றைக்கே அவள் வசந்தாதேவிக்குப் போன் எடுத்தாள்.

"மச்சாள், வந்து இவரக் கூட்டிப் போங்க."

வாய்க்குப் பேர்போன வசந்தாதேவியின் குரல் இறங்கிவிட்டது. "என்ன புள்ள, சண்டையா? நான் அண்டைக்குச் சொன்னத மனசுல வெச்சுக் கதைக்காத. விடிய நான் தண்ணி கொண்டாறன்" என்றாள்.

"தண்ணி வேணாம். கூட்டிப் போங்க. இஞ்ச இருந்தா நான் இவரக் கொன்றுபோடுவன்." நடந்ததைச் சொன்னாள். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நீயும் வா," என்றாள் வசந்தாதேவி.

"மேனுகாக்குச் சோதினை இரிக்கு மச்சாள்."

சோதினை இருந்தது உண்மைதான். ஆனால் அது இல்லாவிட்டாலும் அவள் போயிருக்கமாட்டாள். அது வசந்தாதேவியின் சீதன வீடு. தம்பி வந்து கிடக்கலாம், தம்பியின் பெண்சாதிக்கு அங்கே ஒரு அடுப்புக்கல்கூடச் சொந்தமில்லை. வசந்தாதேவிக்கும் அது தெரியும். இரண்டாம் முறை அவள் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலையிலேயே ஓட்டோ வந்துவிட்டது. சாரன் இரண்டு, சேட் இரண்டு, மருந்துப் பை, ஒரு தலையணை. கலியாணத்துக்கு வரும்போது கொண்டுவந்ததைவிடக் குறைந்த சாமான். கடப்படிக்கு வெளியே அயல் பெண்கள் சிலர் கூட்டுமாறும் கையுமாக நின்று பார்த்தார்கள். விஜிதரன் விட்டுட்டுப் போறான் என்ற கதை பொழுதுபடுமுன் வாவிக்கரைவரை போய்விடும். றஞ்சிதா அவர்களைப் பார்க்கவில்லை. புருஷனின் ஒரு கையை அவள் பிடித்தாள், மறு கையை வசந்தாதேவி பிடித்தாள். முற்றத்தைக் கடக்க வெகுநேரம் எடுத்தது. கிணற்றடிக்கு வந்ததும் அவன் நின்றான். தான் கட்டிய கிணற்றுக் கட்டின் மேல் கையை ஊன்றி மூச்சு வாங்கினான்.

"புள்ள, ஒரு வாய் தண்ணி தா."

"ஓட்டோக்குள்ள போத்தல்ல வெச்சிருக்கன் தம்பி," என்றாள் வசந்தாதேவி. "நல்ல தண்ணி."

"அத வழியில குடிக்கிறன் அக்கா. இது வீட்டுத் தண்ணி. ஒரு வாய்தானே. தா புள்ள."

வாளி கிணற்றுக் கட்டிலேயே இருந்தது. அதில் விடிய மொண்ட தண்ணீரும் இருந்தது. றஞ்சிதாவின் கை வாளிக்குப் போனது. எங்கள் ஊரில் பகையாளி வந்து கேட்டாலும் தண்ணீரை இல்லை என்று சொல்லமாட்டார்கள். சாமித்தம்பியின் வளவில் அந்தச் சொல் அதுவரைக்கும் யார் வாயிலும் வந்ததில்லை.

"இல்ல," என்றாள் அவள்.

"றஞ்சி," என்றான் விஜிதரன்.

"இல்ல. நான் தரமாட்டன். போங்க."

அவள் வாளியைத் தூக்கி, இருந்த தண்ணீரை அவன் கண் முன்னாலேயே நிலத்தில் ஊற்றினாள். காய்ந்த மண் அதைச் சத்தத்தோடு குடித்தது. விஜிதரன் ஈர மண்ணைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஓட்டோவுக்குள் ஏறினான். ஓட்டோ திரும்பும்போது அவன் போத்தலைத் திறந்து குடிப்பது பின் கண்ணாடிக்குள்ளால் தெரிந்தது. தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, அளவு கிளவு பார்க்காமல் குடித்துக்கொண்டிருந்தான்.

றஞ்சிதா குசினிக்குள் வந்தாள். அடுப்பு ஆறிக் கிடந்தது. பானையின் உள்ளே கழுத்துவரை வெள்ளை ஏறியிருந்தது. மேசையில் பிளாஸ்க் வைத்தபடியே இருந்தது. அதைத் திறந்து, அவன் குடிக்கிற கிளாஸில், அவனுக்கு அளந்து கொடுக்கிற அளவில் ஊற்றினாள். நின்றபடியே ஒரு வாய் எடுத்தாள்.

ஒரு வருடமாக அவன் ஒவ்வொரு நாளும், முகம் சுளிக்காமல், கிளாஸைத் திருப்பிக் கொடுக்கும்போது "நல்லா இரிக்கு புள்ள" என்று சொல்லிச் சொல்லிக் குடித்த தண்ணீர் அது. அவளால் அதை விழுங்க முடியவில்லை.